கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்

அந்தப் பெயரை எழுதாதே என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் எழுதினேன். எழுது என்று சொன்னவரும் ஒருவர் உண்டு, அவரிடம் கடைசியில் வருகிறேன். இப்போது யாரும் கேட்காமல் நானாகவே எழுதுகிறேன்: கேண்டிடா ஆரிஸ். முதன்முதலில் யாரோ ஒருவருடைய காதிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயராம், ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. ரத்தத்தில் இறங்குகிற பூஞ்சை. ஈர ரொட்டியில் படர்வதும் பூஞ்சைதான், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். இது ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலும் பி.பி. பார்க்கிற பட்டையிலும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், வழக்கமான மருந்துக்கு அசையாது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அது தானாக நடந்து போவதில்லை. நாம்தான் ஆம்புலன்ஸ் வைத்து, சைரன் போட்டு, மரியாதையாக அனுப்பி வைக்கிறோம்.

நான் நர்ஸ். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்தோராம் வட்டத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். வீட்டுக்காரருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. இரண்டாயிரத்துப் பத்துகளின் பிற்பாதியில் மந்தாரக்குப்பத்தை ஒட்டியிருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். இன்று அது இல்லை, அந்தக் கட்டடத்தில் டைல்ஸ் விற்கிறார்கள். மாடியில் ஐ.சி.யூ. என்று போர்டு மாட்டிய ஆறு கட்டில் அறைக்கு நான் இன்சார்ஜ். எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர். வாய் நீளமில்லாதவளை இன்சார்ஜ் ஆக்கினால் ஊசி போட மறந்த டாக்டரை யார் கூப்பிடுவது என்பேன்.

எங்கள் ஊரில் எல்லாமே ஷிப்டுதான். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதற்கு முன்னால் தாய்மாமனுக்கு அன்றைக்கு எந்த ஷிப்டு என்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்துவிட்டால் வீட்டார் யாரும் சொல்லாமலே முதல் ஷிப்டு மருமகள், இரண்டாவது ஷிப்டு மனைவி என்று பிரித்துக்கொள்வார்கள். பெரிய ஊர்களில் ஐ.சி.யூ.வுக்குள் உறவினரை விடமாட்டார்கள். எங்களிடம் ஆறு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், விடாமல் முடியாது. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் எதற்கு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஆள் போதுமே என்று சார்ட் ஒன்று போட்டேன். மூன்றாம் கட்டிலின் மனைவி நான்காம் கட்டிலையும் பார்த்துக்கொள்வார். நான்காம் கட்டிலின் மகள் மறு ஷிப்டில் மூன்றாம் கட்டிலுக்கும் சேர்த்து உட்காருவார். ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, நிறம் தீட்டி, சுவரில் ஒட்டினேன். யாருக்கும் வேலைக்கு லீவு போடத் தேவையில்லாமல் போயிற்று. டாக்டரே பாராட்டினார். அந்தச் சார்ட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும். அந்தக் கர்வத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் கட்டிலுக்கு வந்தவரை நான் அண்ணா என்று கூப்பிட்டேன். சுரங்கத்தில் பெல்ட் செக்ஷனிலிருந்து ரிட்டயர் ஆனவர். நிலக்கரியை வெகுதூரம் சுமந்து போகும் ரப்பர் பெல்ட்டுகளைப் பழுது பார்த்தவர். குடல் ஆபரேஷனுக்காகச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். தேறுகிற வரைக்கும் ஊர்ப்பக்கமே இருக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வாயால் சாப்பிட முடியாததால் கழுத்து ரத்தக்குழாயில் போட்ட டியூப் வழியாகத்தான் எல்லாமே உள்ளே போயிற்று. கூடவே வந்த ஃபைல் தலையணை கனம் இருந்தது. எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்பது வரைக்கும் அதில் இருந்தது. காய்ச்சலைப் பற்றி மட்டும் ஒரே வரி: தொற்று இருந்தது, சிகிச்சை அளிக்கப்பட்டது. என்ன தொற்று என்று இல்லை. நானும் கேட்கவில்லை. படித்தேன், மூடினேன், அலமாரியில் வைத்தேன்.

நான்காம் கட்டிலில் காடாம்புலியூர்க்காரம்மா ஒருவர். முந்திரி உடைக்கிற வேலை, அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். சர்க்கரையால் காலில் புண் வந்து, அது உள்ளே ஏறி, எங்களிடம் வந்து சேர்ந்தார். நன்றாகவே தேறினார். பலா பழுத்ததும் முதல் பழம் உனக்குத்தாம்மா என்று என்னிடம் தினமும் சொல்வார். மூன்றாம் கட்டில் அண்ணாவின் மனைவிக்கும் அவருக்கும் ஒரே வாரத்தில் ஒட்டிப்போயிற்று. அந்த அக்கா வீட்டுக்காரருக்கு உடம்பு துடைத்துவிட்டு அதே ஈரத்துணியை அலசிக்கொண்டு இந்தப் பக்கம் வருவார். இவரைத் திருப்பிப் படுக்க வைப்பார், முதுகில் பவுடர் போடுவார், தலை வாரிவிடுவார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஆணியில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். இரண்டு பேர் அக்குளுக்கும் அது ஒன்றுதான். நான் போட்ட சார்ட் அப்படி அழகாக வேலை செய்தது.

மூன்று வாரம் போனதும் காடாம்புலியூர் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். பூஞ்சை என்று பதில் வந்தது, ஏதோ ஒரு பெயரோடு. வழக்கமாகக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலை ஆரம்பித்தோம். ஒரு வாரம் கொடுத்தும் காய்ச்சல் இம்மி குறையவில்லை. ஒரு மதியம், அந்த அக்கா அவருக்கு விசிறிக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று. சர்க்கரை, செப்சிஸ் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். எங்கம்மாவுக்கு என்னதான் வந்துச்சு என்று மகள் கேட்டாள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றேன். அவளுக்கு அது பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் மெஷின் இந்தப் பூஞ்சையை அடிக்கடி வேறு பெயரில் காட்டிவிடுகிறது, எனக்குச் சந்தேகமாக இருந்ததால் பெரிய லேபுக்கு அனுப்பிப் பார்த்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஃப்ளூகோனசோல் இதற்குக் கேட்காது என்றாள். பினாயிலை நம்பாதீர்கள், குளோரின் வேண்டும் என்றாள். பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் அண்ணாவுக்கு முந்தின நாளிலிருந்து குளிர் நடுக்கம். அவர் ரத்தத்திலும் அதே பெயர் வந்தது.

சென்னை ஃபைலில் இருந்த வார்டு நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு நர்ஸ். பெயரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, இங்கேயும் சில பேர் இருக்காங்க சிஸ்டர், பேப்பரில் எழுத வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருக்காங்க என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்தே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த இரண்டு கட்டிலையும் சேர்த்திருக்க மாட்டேன். திட்டிக்கொண்டே திரும்பினேன். எதிரே சுவரில் என் சார்ட், நிறம் தீட்டி, கோடு போட்டு. கிழித்தெடுத்தேன். பிறகு நானே முழங்கால் போட்டு குளோரின் தண்ணீரில் ஆறு கட்டிலையும் தேய்த்தேன், கை தோல் உரிகிற வரைக்கும்.

அன்றைக்கு வார்டு ரிப்போர்ட் புத்தகத்தில் சிவப்பு மையில் அந்தப் பெயரை எழுதினேன். டாக்டர் கூப்பிட்டு இதையெல்லாம் எழுதாதே என்று அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பாம்புக்கடி வந்தால் சோற்றுக் கையோடு ஓடி வருகிறவர். இது வெளியே தெரிந்தால் நாளை ஒரு பிரசவம்கூட நம் வாசலுக்கு வராது என்று பயந்தார். கிழிக்க மாட்டேன் சார் என்றேன். அவரும் கிழிக்கவில்லை, புத்தகத்தைத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அண்ணாவுக்கு நாளுக்கு நாள் மோசமானது. கழுத்து டியூபை எடுத்துவிட்டு வேறு வகை மருந்து போட வேண்டும், சிறுநீரகமும் தளர்ந்துகொண்டு வந்தது, எங்களால் ஆகாது. டாக்டர் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பேசி இடம் வாங்கினார். அனுப்புகிற காகிதத்தை எழுத வேண்டியது நான். காய்ச்சல் என்று மட்டும் எழுது, போதும் என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பேரை எழுதினா வாசல்லயே திருப்பிடுவாங்க. அந்த மனுஷன் வழியிலயே போயிடுவார். அதுக்கு நீ பொறுப்பா?"

அவர் சொன்னதில் அர்த்தமில்லாமல் இல்லை. எழுதினால் இவருக்குக் கட்டில் கிடைக்காமல் போகலாம். எழுதாவிட்டால் அங்கே இவர் பக்கத்துக் கட்டிலில் எந்த ஊர் முந்திரிக்காரம்மா படுத்திருப்பாரோ. சென்னையில் எவளோ ஒருத்தி இதே மாதிரி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், கடைசியில் காய்ச்சல் என்று எழுதியிருப்பாள். இத்தனை நாளாக வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டிருந்த நான் இப்போது அவள் இடத்தில் நின்றேன்.

நேராக அண்ணாவிடம் போனேன். உடம்பு அவருடையது, என்னிடமும் டாக்டரிடமும் மட்டும் அந்தப் பேச்சு நடந்தால் போதாது என்று தோன்றியது. கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சையின் பெயர், சென்னை, பக்கத்துக் கட்டில், இரண்டு பக்கத்து ஆபத்தும். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பேச மூச்சு போதவில்லை, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பெல்ட்டுக்குள்ள ஆளு எறங்குனா சுவிட்சை ஆஃப் பண்ணி அதுல செவப்பு டேக் கட்டுவோம், எவனும் போட்டுடக் கூடாதுன்னு. உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரு. கட்டுனவன்தான் அவுக்கணும். ஒருவாட்டி கட்டிட்டு மறந்து ஷிப்டு பஸ் ஏறி வூட்டுக்கு வந்துட்டேன். சோத்துல கைய வச்சிருக்கேன், ஜீப் வந்து நிக்குது. அத்தினி பெரிய பெல்ட்டு, எனக்காக நின்னுகினு இருக்கு. எவனும் தொடல. ஈரக் கையோட போயி அவுத்தேன்." சிரிக்கப் பார்த்து இருமினார். "எனக்குக் கட்டுங்க சிஸ்டர். காயிதத்துல எழுதினா கிழிச்சிடுவானுங்க."

சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை எடுத்து உள்ளங்கை அகலத்துக்கு அட்டை வெட்டினேன். அழியாத மையில் எழுதினேன். பூஞ்சையின் பெயர், எந்த மருந்து கேட்காது, தனி அறை, தனிக் கருவி, தொட்டால் கையைக் கழுவு, கீழே என் கையெழுத்து. ஒரு பக்கம் இங்கிலீஷில் டாக்டர்களுக்கு. மறுபக்கம் தமிழில், ஏனென்றால் கட்டிலைத் துடைக்கிறவரும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரும்தான் முதலில் தொடப் போகிறவர்கள். அனுப்புகிற காகிதத்திலும் முதல் வரியாக அதையே எழுதினேன்.

மணிக்கட்டில் கட்டப் போகும்போது அந்த அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"எம் வூட்டுக்காரர் என்னா மாடா, அடையாளம் கட்டிகினு ஓட்டிப் போவ? இத்த எழுதாதீங்க சிஸ்டரு. ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க."

அண்ணா கையை என் பக்கம் நீட்டினார். நான் கட்டினேன். அந்த அக்கா அட்டையின் தமிழ்ப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். தொட்டால் கையைக் கழுவு என்ற இடத்தில் நின்றுவிட்டார். தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, ஓடிவிடலாமா என்று இருந்தது.

"அப்ப அந்தக் காடாம்புலியூருப் பொம்பளைக்கு எங் கையாலதான் போச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்படி இதமாக மறைத்து மறைத்துத்தான் சென்னையிலிருந்து மந்தாரக்குப்பம் வரைக்கும் அது வந்திருந்தது.

"உங்க கைக்கு ஷிப்டு போட்டது நான்க்கா," என்றேன். "அந்தச் சார்ட்டை எழுதினது நான். கையைக் கழுவச் சொல்லாதது நான். உங்க கை அவங்களைப் பார்த்துக்கிச்சு, அவ்வளவுதான்."

அவர் கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் அந்த அக்காவோடு நானும் ஏறினேன். பேசி வைத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு டியூட்டி டாக்டர் அட்டையைப் படித்தார், காகிதத்தைப் படித்தார், உள்ளே போய் வந்தார், இடம் இல்லை என்றார். அரை மணி முன்னால் போனில் இருக்கிறது என்று சொன்ன இடம். எங்கள் டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. அண்ணாவின் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அட்டையை அவிழ்த்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள். என் விரல் அந்த முடிச்சு வரைக்கும் போனதும் உண்மை. அண்ணா மறு கையால் அட்டையைப் பொத்திக்கொண்டார்.

வெயில் ஏற ஏற இன்னும் ஓர் ஆஸ்பத்திரியில் பேசிப் பார்த்தேன், அங்கேயும் தலையாட்டினார்கள். மூன்றாவது வாசலில் என் வயதை ஒத்த ஒரு சிஸ்டர் ஸ்ட்ரெச்சர் அருகே வந்தார். நின்றபடியே அட்டையின் இரண்டு பக்கத்தையும் படித்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார், வளையலைக் கழற்றினார், முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். மூலையில் ஒரு தனி அறை காலியாயிற்று. முந்தின மாதம் ஒரு கேஸ் பேர் எழுதாமல் எங்களிடம் வந்தது, அது இரண்டு பேரைக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, நீங்களாவது எழுதினீங்களே என்றார். எனக்கு அங்கேயே சுவரில் சாய்ந்து அழுகை வந்துவிட்டது. அழுததைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை டியூட்டி லிஸ்டில் என் பெயர் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, லிஸ்டில் இல்லை, அவ்வளவுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்ன என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சும்மா இருந்ததற்கு என்ன கிடைத்தது என்று காடாம்புலியூரில் போய்க் கேளுங்கள் என்றேன். நானே போனேன். பஸ் ஏறிப் போய் அந்த மகளிடம் உண்மைப் பெயரைச் சொன்னேன், சார்ட்டையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஏழு வாரம் கழித்து அந்த அக்காவிடமிருந்து போன். அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அட்டையைக் கத்தரிக்கப் பார்த்தார்களாம், கையைக் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதம். கட்டுனவங்கதான் அவுக்கணுமாம், வந்து அவுத்துட்டுப் போங்க என்றார். கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குப் போனேன். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அங்கே வீடு எடுத்திருந்தார்கள். அண்ணா பாதியாக இளைத்திருந்தார், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த வார்டில் வேறு யாருக்கும் அது வரவில்லை என்று அந்தப் பாண்டிச்சேரி சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணா கிண்ணத்தை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அவுத்துடுங்க சிஸ்டர். பெல்ட் ஓடட்டும்."

டிஸ்சார்ஜ் ஃபைலைக் கேட்டேன். புரட்டினேன். ரத்தம் சுத்தம். கடைசிப் பக்கத்தில் அக்குளிலிருந்தும் தொடையிடுக்கிலிருந்தும் துடைத்தெடுத்த சோதனை. அதே பெயர், தெளிவாக, முழுதாக அச்சடித்து. காய்ச்சல் போன பிறகும் தோலில் மாதக்கணக்கில் அது உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை படித்தேன். கத்தரிக்கோல் பையிலேயே இருந்தது.

இன்னும் வேலை முடியலண்ணா என்றேன். வீட்டில் எல்லோரையும் தொடலாம், பேசலாம், கையைக் கழுவினால் போதும், ஆனால் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அட்டை ஓரமெல்லாம் நைந்து, என் எழுத்து பாதி தேய்ந்து போயிருந்தது.

அந்த அக்கா உள்ளே போனார். கோபம்தான் என்று நினைத்தேன். வாசலிலேயே நிறுத்தி என்னைத் திட்டவும் அவருக்கு உரிமை இருந்தது. திரும்பி வந்தபோது கையில் புது சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, ஒரு பேனா. எனக்குப் போன் செய்த பிறகு மகனிடம் கொடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைவீதிக்குப் போய் அதே நிறமாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். குழாயடியில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"பழசு நைஞ்சு போச்சு, புதுசா எழுதிக் கட்டுங்க," என்றார். "அந்தப் பேர மட்டும் பெருசா எழுதுங்க சிஸ்டரு. தூரத்துல இருந்தே படிக்கணும்."